விபத்தைக் கண்ட குழந்தை ஏன் எதையும் கேட்பதில்லை?

கேள்வி: என் அக்காவின் மகனுக்கு ஏழு வயது. மூன்று வாரங்களுக்கு முன் நடந்த சாலை விபத்தின்போது அவன் காரின் பின்னிருக்கையில் இருந்தான். காரை ஓட்டியவர் அவனுடைய அப்பா. முன்னிருக்கையில் இருந்த தாத்தா, அதாவது என் தந்தை, இறந்துவிட்டார். குழந்தைக்குச் சிராய்ப்புகள் மட்டுமே. தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவன் அழவில்லை, எதையும் கேட்கவும் இல்லை. ஆனால் பொம்மைக் காரைச் சுவரில் மோதவிட்டு அதையே திரும்பத் திரும்ப விளையாடுகிறான். இரவில் அலறி எழுகிறான். நின்றுபோயிருந்த பழக்கம் திரும்பி, படுக்கையை நனைக்கிறான். காரைக் கண்டாலே பின்வாங்குகிறான். அவனை மறக்கச் செய்வதா, பேச வைப்பதா, மருத்துவரிடம் அழைத்துப் போவதா? அவன் மறுபடியும் காரில் ஏறுவானா?

பதில்: முதலில், உங்கள் தந்தையை இழந்த துக்கத்துக்கு நடுவிலும் அக்கா மகனுக்காக நீங்கள் உட்கார்ந்து இவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறீர்கள் என்பதை நான் மனத்தில் வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன். குழந்தைகளின் மனநல ஆலோசனையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், அலறலும் படுக்கை நனைதலும் எனக்குப் பெரிய அச்சத்தைத் தரவில்லை. ‘எதையும் கேட்கவும் இல்லை’ என்ற அந்த ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. தன்னோடு காரில் வந்த தாத்தா மூன்று வாரமாக வீட்டில் இல்லாதபோது, அவர் எங்கே என்று ஏழு வயதுக் குழந்தை கேட்காமல் இருப்பதற்கு மறதி காரணமாக இருக்க முடியாது. அவன் மோதலைப் பார்த்திருக்கிறான், சத்தத்தைக் கேட்டிருக்கிறான், தாத்தா அசையாமல் இருந்ததையும் பெரும்பாலும் கண்டிருக்கிறான். அதன் பிறகு வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசுவதையும், தான் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு அறுந்துபோவதையும், அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிப்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்த வீட்டில் அந்தப் பெயரை எடுத்தால் யாரோ உடைந்துபோவார்கள் என்பதைப் புரிந்துகொண்டுதான் அவன் கேள்வியை விழுங்கியிருக்கிறான். நீங்கள் அவனைக் காப்பதாக நினைக்கிறீர்கள். என் அனுபவத்தில், இந்த நிலையில் இருக்கும் குழந்தை பெரும்பாலும் பெரியவர்களைத்தான் காத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே, மறக்கச் செய்வதா பேச வைப்பதா என்ற உங்கள் கேள்விக்கு இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். அவன் கேட்டால் உண்மையைச் சொல்லும் தெம்புள்ள ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கிறார் என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். மற்ற எல்லாமே இதற்குப் பிறகுதான்.

‘ஊருக்குப் போயிருக்கிறார்’ என்பதை முதலில் திருத்துங்கள். அந்தச் சொல் அன்பினால் வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குழந்தையின் பக்கத்திலிருந்து அதைக் கேட்டுப் பாருங்கள்: தாத்தா தன்னிடம் சொல்லாமலேயே போய்விட்டார், இத்தனை நாளாகத் தொலைபேசியில்கூடப் பேசவில்லை, ஒருவேளை தன்மேல் கோபமாக இருக்கலாம். ‘தூங்குகிறார்’ என்று சொல்லும் வீடுகளில் குழந்தை தூங்கப் பயப்படுவதையும், ‘உடம்பு சரியில்லாமல் போய்விட்டது’ என்று மட்டும் சொல்லும் வீடுகளில் அம்மாவுக்குச் சளி பிடித்தாலே குழந்தை நடுங்குவதையும் நான் பார்த்திருக்கிறேன். இறந்தவர் திரும்பி வருவதில்லை, உடலின் இயக்கம் முற்றாக நின்றுவிடுகிறது, இது எல்லா உயிருக்கும் நேர்வது என்ற மூன்றையும் பெரும்பாலான குழந்தைகள் 5 முதல் 7 வயதுக்குள் புரிந்துகொள்ளத் தொடங்குகிறார்கள். உங்கள் அக்கா மகன் அந்த எல்லையில் நிற்கிறான். அவனுக்கு உண்மை விளங்கும். விளங்காத பகுதியை அவனே திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொள்வான்.

யார் சொல்வது? அவன் மிகவும் நம்பும் ஒருவர், இயன்றவரை அம்மா. அவரால் தனியே முடியாது என்றால் நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். இரவில் தூங்கப் போகும் நேரம் வேண்டாம். பகலில், அவனுக்குப் பழகிய இடத்தில், தரையில் அவன் உயரத்துக்கு உட்கார்ந்து சொல்லுங்கள். ஏறத்தாழ இப்படிச் சொல்லலாம்: “உன்கிட்ட ஒரு வருத்தமான விஷயம் சொல்லணும். தாத்தா ஊருக்குப் போயிருக்கார்னு சொன்னோம் இல்லையா, அது சரியில்லை. அன்னைக்குக் கார் மோதினபோது தாத்தாவுக்கு ரொம்பப் பலமா அடிபட்டுது. டாக்டர்கள் எல்லாம் முயற்சி பண்ணினாங்க, ஆனா அவர் இறந்துட்டார். இறந்துட்டார்னா அவர் உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு, அவர் திரும்பி வரமாட்டார். உனக்குப் பயமா இருக்கும்னு நினைச்சு நாங்க சொல்லாம இருந்துட்டோம். இனிமே நீ எதைக் கேட்டாலும் உண்மையைத்தான் சொல்வோம்.” இவ்வளவு போதும். குடும்பத்தின் நம்பிக்கைப்படி தாத்தா கடவுளிடம் இருக்கிறார் என்று சொல்வதில் தவறில்லை, ஆனால் இறந்துவிட்டார் என்ற சொல்லுக்குப் பதிலாக அதைச் சொல்லாதீர்கள், அதற்குப் பிறகு சொல்லுங்கள்.

அவன் உடனே அழலாம், அழாமல் “நான் விளையாடப் போகட்டுமா?” என்று கேட்கவும் செய்யலாம். பெரியவர்களின் துக்கம் ஆறுபோல் ஓடும். குழந்தையின் துக்கம் மழைக்காலக் குட்டைபோல, ஒரு குட்டையில் இறங்கி நின்று, ஏறி ஓடி, சற்றுத் தொலைவில் இன்னொன்றில் இறங்கும். போகவிடுங்கள். மறுநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “தாத்தாவுக்கு வலிச்சுதா?” என்று அவன் கேட்பான். அந்தக் கேள்விக்காகக் காத்திருங்கள்.

எந்த விளக்கத்தைச் சொன்னாலும் ஒன்றை மட்டும் தவறாமல் சேருங்கள்: இது அவனால் நடக்கவில்லை. இந்த வயதில் குழந்தை தன் நினைப்புக்கும் செயலுக்கும் உலகத்தை அசைக்கும் சக்தி இருப்பதாக நம்புகிறது. தான் காரில் சத்தம் போட்டதால் அப்பா திரும்பிப் பார்த்தார், தான்தான் தாத்தாவை முன்னால் உட்காரச் சொன்னேன், முதல் நாள் தாத்தாமேல் கோபப்பட்டேன் என்று ஏதோ ஒன்றை அவன் உள்ளே பூட்டி வைத்திருக்கக்கூடும். ‘உன் தவறில்லை’ என்று நீங்களாகச் சொல்வதோடு நிறுத்தாமல், “அன்னைக்கு எதனால அப்படி ஆச்சுன்னு நீ நினைக்கிற?” என்று ஒருமுறை கேளுங்கள். வரும் பதில் உங்களைத் திகைக்க வைக்கலாம். அதை மறுக்க அவசரப்படாமல் முழுதும் கேட்டுவிட்டு, பிறகு உண்மையான காரணத்தை எளிய சொற்களில் சொல்லுங்கள்.

இனி அந்தப் பொம்மைக் கார். அதை ஒளித்து வைக்க வேண்டும் என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள், வேண்டாம். 1976 ஜூலையில் கலிபோர்னியாவில் சௌசில்லா என்ற சிற்றூரில் 26 குழந்தைகளும் அவர்களுடைய பள்ளிப் பேருந்து ஓட்டுநரும் கடத்தப்பட்டு, மண்ணுக்கடியில் புதைக்கப்பட்டிருந்த ஒரு வாகனப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டார்கள். எல்லோரும் உயிரோடு தப்பினார்கள். பிற்பாடு அந்தக் குழந்தைகளைத் தேடிப் போய்ப் பேசிய லெனோர் டெர் என்ற குழந்தை மனநல மருத்துவர், அவர்களில் ஒருவர்கூட மனக்காயம் இல்லாமல் தப்பவில்லை என்பதையும், நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் தடங்கள் இருந்ததையும் பதிவு செய்தார். அவர் கவனித்தவற்றுள் இரண்டு உங்கள் அக்கா மகனுக்கும் பொருந்தும். ஒன்று, நடந்ததை அப்படியே திரும்ப நடிக்கும் ஒரு விளையாட்டு. மகிழ்ச்சியில்லாமல், முகம் இறுகி, ஒரே மாதிரி நடக்கும் விளையாட்டு. இன்னொன்று, கடத்தலுக்கு முன் நடந்த சிறு நிகழ்ச்சிகளைக் குழந்தைகள் பின்னோக்கித் தேடி, ‘அதுதான் சகுனம், அன்றே நான் கவனித்திருக்க வேண்டும்’ என்று நம்பியது. மேலே நான் சொன்ன குற்ற உணர்ச்சி இந்த வழியாகவும் உள்ளே வரும்.

விளையாட்டு குழந்தையின் மொழி. சொல்லில் அடங்காததை அவன் கையால் சொல்கிறான். ஆகவே தடுக்காதீர்கள், ஆனால் தனியாகவும் விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பார்ப்பதை மட்டும் சொல்லுங்கள்: “கார் வேகமா வருது… மோதிடுச்சு. உள்ளே இருக்கறவங்க என்ன பண்றாங்க?” சில நாட்களில் விளையாட்டில் ஏதாவது மாறுகிறதா என்று பாருங்கள். ஆம்புலன்ஸ் வருகிறதா, ஒரு பொம்மை மனிதன் உதவிக்கு ஓடிவருகிறானா, கார் பழுதுபார்க்கப்படுகிறதா? மாறினால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். வாரக்கணக்கில் ஓர் அணுவும் மாறாமல், விளையாடி முடித்தபின் அவன் முன்னைவிடப் பதற்றமாக இருந்தால், நீங்களே மெதுவாக ஒன்றைச் சேர்க்கலாம்: “நான் டாக்டரைக் கூட்டிட்டு வரட்டுமா?” அவன் மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அப்படியே சிக்கி நிற்கும் விளையாட்டு நிபுணரிடம் போக வேண்டியதற்கான ஓர் அறிகுறி.

குழந்தையின் விசித்திரமான செயலுக்குள் எவ்வளவு தெளிவான காரணம் இருக்கும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, நள்ளிரவில் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்ட ஒன்பது வயதுச் சிறுமியை அவள் அம்மா என்னிடம் அழைத்து வந்தார். இரவு தோறும் பள்ளிப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, காலில் செருப்போடு படுக்கிறாள், எடுத்து வைத்தால் கத்துகிறாள் என்பது அம்மாவின் குறை. பையில் என்ன இருக்கிறது என்று யாரும் அதுவரை பார்க்கவில்லை. அவளிடம் அனுமதி கேட்டுத் திறந்தோம். ஒரு டார்ச் விளக்கு, பாதி காலியான பிஸ்கட் பொட்டலம், தம்பியின் இழுப்பு மருந்துக் குப்பி. அன்றிரவு அந்த மருந்தை எடுக்க மறந்துபோனதில் தம்பி மூச்சுக்குத் திணறியதை அவள் மட்டும்தான் மறக்காமல் இருந்தாள். நான் அந்தப் பையைப் பிரிக்கச் சொல்லவில்லை. குடும்பமாக உட்கார்ந்து ஓர் அவசரப் பையைத் தயார் செய்து, அதில் எல்லாவற்றையும் வைத்து, கதவருகில் மாட்டச் சொன்னேன். சரிபார்க்கும் பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டார். சில வாரங்களில் செருப்பு கட்டிலுக்கடியில் போயிற்று, பையில் பாடப்புத்தகங்கள் திரும்பின. பெரியவர்கள் சுமக்க வேண்டிய காவலைப் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டதும் அவள் அதை இறக்கி வைத்தாள்.

இரவுக்கு வருகிறேன். அலறலில் இரு வகை உண்டு. அவற்றைப் பிரித்தறிந்தால் பாதிப் பதற்றம் குறையும். தூங்கிய முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள், கண் திறந்தபடி, உங்களையே அடையாளம் தெரியாமல் அலறி, காலையில் எதுவும் நினைவில்லாமல் இருந்தால் அது இரவுப் பீதி. உலுக்கி எழுப்பாதீர்கள், அடிபடாமல் பார்த்துக்கொண்டு, அடங்கும்வரை பக்கத்தில் இருங்கள். விடியலை ஒட்டிய நேரத்தில் விழித்து, உங்களைக் கட்டிக்கொண்டு, கண்டதைச் சொல்ல முடிந்தால் அது கெட்ட கனவு. அப்போது விளக்கைப் போட்டு, இது நம் வீடு, இது உன் படுக்கை, நான் இங்கே இருக்கிறேன் என்று இருக்கும் இடத்தை உணர்த்துங்கள். பகல் வெளிச்சத்தில் அந்தக் கனவை அவனையே வரையச் சொல்லி, முடிவை அவன் விருப்பப்படி மாற்றி வரையச் சொல்வது பல குழந்தைகளுக்கு உதவியிருக்கிறது. சிலகாலம் பெற்றோரின் அறையில் படுப்பதால் அவன் கெட்டுப்போக மாட்டான். படுக்கை நனைவதைப் பற்றி ஒரே ஒரு விதி: திட்டக்கூடாது, ஒப்பிடக்கூடாது, உறவினர் முன் பேசக்கூடாது. தண்டனை இதை மோசமாக்கும். துணியை மாற்றி, “பரவாயில்லை, இது சரியாயிடும்” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். சில வாரங்களுக்குப் பிறகும் தொடர்ந்தால், சிறுநீர்த் தொற்று போன்ற உடல் காரணம் இல்லை என்பதை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளலாம்.

இவையெல்லாம் ஏன் நிகழ்கின்றன என்று உங்களுக்குத் தெரிந்தால் பொறுமை எளிதாகும். ஆபத்தின்போது மூளையின் அமிக்டலா என்ற சிறு பகுதி அபாயச் சங்கை ஊதுகிறது. அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, உடல் ஓடவோ எதிர்க்கவோ உறைந்துபோகவோ தயாராகிறது. ஆபத்து விலகியதும் சங்கு அடங்க வேண்டும். பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு அது சிறு தூண்டலுக்கும் ஒலிக்கிறது: பிரேக் சத்தம், எரிந்த ரப்பர் வாடை, அன்று பாடிக்கொண்டிருந்த ஒரு பாட்டு. அதை அடக்கவேண்டிய முன்மூளை ஏழு வயதில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் ‘தைரியமாக இரு’ என்பது அவனால் நிறைவேற்ற முடியாத கட்டளை. உங்கள் அமைதியான குரலும் மெதுவான மூச்சும் அவனுக்கு இரவல் முன்மூளை. மெழுகுவத்தியை அணைப்பதுபோல நீளமாக ஊதி மூச்சு விடப் பழக்குங்கள். பயம் வந்த நேரத்தில் புதிதாகக் கற்றுக்கொடுக்க முடியாது, ஆகவே நன்றாக இருக்கும் நேரத்தில் விளையாட்டாகப் பழக்குங்கள்.

இரவல் கொடுக்க உங்களிடம் இருக்க வேண்டும் அல்லவா? இதில்தான் உங்கள் அத்தானைப் பற்றி எனக்குக் கவலை. காரை ஓட்டியவர் அவர், மாமனாரை இழந்தவர், மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் இருப்பவர். இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் ஆனா ஃபிராய்ட், டொரத்தி பர்லிங்ஹாம் என்ற இரு உளப்பகுப்பாய்வாளர்கள் குழந்தைகளுக்காகக் காப்பகங்களை நடத்தினார்கள். குண்டுவீச்சைப் பார்த்த சிறு குழந்தைகள், நிதானம் இழக்காத தாயோடு இருந்தவரை பெரும்பாலும் தாங்கிக்கொண்டதையும், பாதுகாப்புக்காகத் தாயைப் பிரித்து வெளியூருக்கு அனுப்பப்பட்டது பலருக்கு அதைவிடக் கடுமையான அடியாக இருந்ததையும் அவர்கள் எழுதி வைத்தார்கள். ஆகவே, ஒரு மாறுதலுக்காக அவனைக் கொஞ்ச நாள் உறவினர் வீட்டில் விடலாம் என்ற யோசனை எழுந்தால் ஏற்காதீர்கள். அதே நேரம், பெற்றோர் கல்லாக இருக்க வேண்டும் என்றும் இதற்குப் பொருளில்லை. அம்மா அழுவதைக் குழந்தை பார்க்கலாம். அழுத பிறகு அம்மா முகம் கழுவி, தேநீர் போட்டு, அவனுக்குத் தலைவாரிவிடுவதையும் பார்க்க வேண்டும். “தாத்தாவை நினைச்சு அழுதேன். இப்ப பரவாயில்லை. அம்மாவை நீ பார்த்துக்க வேண்டாம், சித்தி பார்த்துக்கறாங்க” என்று சொல்வது அவனுக்குப் பெரிய விடுதலை. உங்கள் அத்தானுக்கோ தனியாக ஒரு ஆலோசகர் தேவைப்படலாம். அவருக்குச் செய்யும் உதவி நேரடியாக மகனைச் சென்று சேரும்.

அவனைப் பேச வைக்க முயல வேண்டாம் என்று நான் சொல்வதற்கு என் தவறும் ஒரு காரணம். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு தீ விபத்துக்குப் பின் ஐந்தாம் நாள், பிழைத்த குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்து, கண்டதையெல்லாம் ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன். உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டால் இலேசாகிவிடும் என்று அப்போது நம்பினேன். ஒரு சிறுவன் தான் பார்க்காத காட்சியைப் பக்கத்திலிருந்தவன் வாயிலாகக் கேட்டு, அன்றிரவு முதல் அதையே கனவாகக் கண்டான். அதன் பிறகு என் அறைக்குள் வர மறுத்துவிட்டான். அவன் கதவுக்கு வெளியே அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலம் இன்றும் என் கண்ணில் இருக்கிறது. நிகழ்ச்சி நடந்த சில நாட்களுக்குள் ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை பயனளிப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்பது ஆய்வுகளில் தெளிவானதால் இன்று வழிகாட்டுதல்கள் அதைக் கைவிட்டுவிட்டன. உலக சுகாதார அமைப்பு 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு அதற்கு மாறாக மூன்றே செயல்களைச் சொல்கிறது: பார், கேள், இணை. யாருக்கு என்ன தேவை என்று பார்ப்பது, அவர்கள் சொல்ல விரும்புவதைக் கேட்பது, உதவி கிடைக்கும் இடத்தோடு இணைப்பது. பேச்சு அவனிடமிருந்து வரட்டும். பக்கவாட்டில் இருக்கும்போதுதான் குழந்தைகள் அதிகம் பேசுவார்கள்: துணி மடிக்கும்போது, நடந்து போகும்போது, விளக்கணைத்த பிறகு. அப்போது கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு முகத்தையே உற்றுப் பார்க்காதீர்கள். வேலையைத் தொடர்ந்தபடியே கேளுங்கள்.

அன்றாட ஒழுங்கு பெரிய மருந்து. எழுவது, குளிப்பது, சாப்பிடுவது, பள்ளி, கதை, தூக்கம் எல்லாம் பழைய நேரத்துக்குத் திரும்பட்டும். எந்தச் சட்டை, எந்தக் கதை என்பன போன்ற சிறு முடிவுகளை அவனிடம் விடுங்கள், ஏனென்றால் அன்று எதுவுமே அவன் கையில் இருக்கவில்லை. விபத்தின் படமோ காணொளியோ யார் கைபேசியிலாவது இருந்தால் அவன் கண்ணில் படாமல் அகற்றுங்கள். 1995இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் ஓர் அரசுக் கட்டடம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்ட பிறகு அந்நகரப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வுகள், தொலைக்காட்சியில் அக்காட்சிகளை அதிகம் பார்த்தவர்களிடம் அதிர்ச்சியின் அறிகுறிகளும் அதிகம் இருந்ததைக் காட்டின.

பள்ளிக்கு அனுப்பும் முன் வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள். கவனம் சிதறுவதும், திடீர்க் கோபமும், வயிற்றுவலி என்று சொல்லி வீட்டுக்கு வர விரும்புவதும் அங்கே குறும்பாகவோ சோம்பலாகவோ தெரியும். நான் பார்த்த ஒரு பதினொரு வயதுப் பையன் மணி அடிக்கும்போதெல்லாம் பக்கத்திலிருப்பவனை அடித்துக்கொண்டிருந்தான். அபாய மணியின் நினைவில் அவன் துள்ளுகிறான் என்று கண்டுகொண்ட ஆசிரியை, மணி அடிப்பதற்கு ஒரு நிமிடம் முன் அவன் மேசையில் விரலால் மெல்லத் தட்டிவிட்டுப் போகத் தொடங்கினார். அடிதடி நின்றது.

மருத்துவரிடம் எப்போது? இப்போது நீங்கள் விவரிப்பவை மூன்றாம் வாரத்தில் எதிர்பார்க்கக்கூடியவையே. 43 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான பகுப்பாய்வின்படி, அதிர்ச்சி நிகழ்வைச் சந்தித்த குழந்தைகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினருக்கே அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு உண்டாகிறது. மனிதர் வேண்டுமென்றே இழைத்த கொடுமைகளில் இந்த விகிதம் கூடுதல், விபத்துகளில் குறைவு. தானாக நிகழும் தேறுதல் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள் நிகழ்ந்துவிடுகிறது. அறிகுறிகள் ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்து, படிப்பையோ தூக்கத்தையோ விளையாட்டையோ கெடுத்தால்தான் கோளாறு என்று கண்டறிகிறார்கள். ஆகவே நான்கு முதல் ஆறு வாரம் வரை பாருங்கள்; குறைந்துகொண்டு வந்தால் காத்திருக்கலாம், அப்படியே நின்றாலோ கூடினாலோ குழந்தை மனநல மருத்துவரையோ பயிற்சி பெற்ற உளவியலாளரையோ பாருங்கள். அவர் அவனிடம் தனியாகவும் பேசட்டும், ஏனென்றால் குழந்தை அனுபவிப்பதில் ஒரு பகுதியே பெற்றோரின் கண்ணுக்குத் தெரிகிறது.

சிலவற்றுக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது: உணவை அறவே மறுப்பது, முற்றிலும் பேச்சு நிற்பது, தன்னைத்தானே காயப்படுத்துவது, சாக வேண்டும் என்று சொல்வது. ‘தாத்தாகிட்ட போகணும்’ என்று குழந்தை சொல்வது பெரும்பாலும் ஏக்கம்தான், ஆனாலும் “போறதுன்னா எப்படிப் போறது?” என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை.

சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாக: அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல் நடத்தைச் சிகிச்சைக்கு, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் பேச்சு வழிச் சிகிச்சைக்கு, குழந்தைகளிடம் வலுவான சான்று இருக்கிறது. பெரும்பாலும் வாரம் ஒருமுறையாகச் சில மாதங்கள் நடக்கும். பெற்றோரும் அதில் பங்கேற்பார்கள். நடந்ததைச் சொல்லும் கட்டம் அதிலும் உண்டு, ஆனால் பயத்தைத் தணிக்கும் திறன்களைக் கற்றபின், குழந்தையின் வேகத்தில் அது வரும். நான் அன்று செய்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். கண்ணசைவின் உதவியோடு நினைவைப் பதப்படுத்தும் இ.எம்.டி.ஆர். என்ற முறையையும் உலக சுகாதார அமைப்பின் 2013 வழிகாட்டுதல் ஏற்கிறது. அதே வழிகாட்டுதல், குழந்தைகளின் இந்தக் கோளாறுக்கு மனச்சோர்வு நீக்கும் மாத்திரைகளையும், நிகழ்வுக்குப் பின் முதல் மாதத்தில் வரும் அதிர்ச்சி அறிகுறிகளுக்கு அமைதிப்படுத்தும் மாத்திரைகளையும் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. தூங்குவதற்கு ஏதாவது கொடுங்கள் என்று நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

இந்தப் பதில் விபத்தில் ஒருவரை இழந்த குழந்தையைப் பற்றியது. குழந்தையைக் காயப்படுத்தியவர் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நிலையில், அவரிடமிருந்து பாதுகாப்பதுதான் முதல் வேலை. அது நடக்காமல் ஆறுதலும் ஒழுங்கும் பயன் தரா. அப்படி ஒரு நிலையில் இதைப் படிப்பவர்கள் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பைத் தாமதமின்றி அணுக வேண்டும்.

கடைசியாக, காரில் ஏறுவானா என்று கேட்டீர்கள். ஏறுவான். ‘ஏறினால்தான் பயம் போகும்’ என்று தூக்கி உள்ளே வைக்காதீர்கள். ‘பாவம், இனி வேண்டவே வேண்டாம்’ என்று முற்றிலும் தவிர்க்கவும் செய்யாதீர்கள், ஏனென்றால் தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் கார் கொலைகாரப் பொருள் என்ற எண்ணம் அவனுக்குள் உறுதிப்படும். படிகளாகப் பிரித்து, படிகளின் வரிசையை அவனையே தாளில் எழுதச் சொல்லுங்கள். நிற்கும் காரை வாசலிலிருந்து பார்ப்பது, அருகில் போய்க் கதவைத் தொடுவது, கதவு திறந்திருக்க, உங்களோடு உள்ளே உட்கார்ந்து ஒரு கதை படிப்பது, கதவை மூடுவது, என்ஜினை மட்டும் இயக்குவது, தெருமுனை வரை போய்த் திரும்புவது. பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒவ்வொரு படியிலும் கேளுங்கள். எட்டு என்று சொன்னால் அங்கேயே இருந்து, ஊதி மூச்சு விட்டு, அது ஐந்துக்கோ நான்குக்கோ இறங்கும்வரை காத்திருங்கள். இறங்கிய பிறகே அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். எட்டிலேயே நின்றுவிட்டால் முந்தைய படிக்குத் திரும்பி, அதில் நிதானம் வந்தபின் முடியுங்கள். ஒரு படிக்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். முதலில் ஓட்டுவது நீங்களாகவோ அவன் அம்மாவாகவோ இருக்கலாம், ஆனால் வரிசையின் ஏதோ ஒரு படியில் ஓட்டுநர் இருக்கையில் அவன் அப்பா இருக்க வேண்டும். அவருக்கும் அந்தப் படி தேவைப்படும். அவர் தயாராகிவிட்டாரா என்று அவரிடம் முதலில் கேளுங்கள்.